ஞாயிற்றுக்கிழமை எண்கள்

காலையில் என் மனைவியின் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எழும்பி நிற்கும். கருவியில் செருகிய பட்டையை அதன்மேல் வைத்ததும் ஐந்து விநாடிகள். அந்த ஐந்து விநாடியில் எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வீடு என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. சமையலறைச் சன்னலுக்கு வெளியே மோனோரயில் வளைந்து போகும். மழை பெய்து விட்ட காலைகளில் உயரமான கட்டடங்களின் மேல்பாதி மேகத்துக்குள் போயிருக்கும், அடிப்பாதி மட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்காக விட்டுவைக்கப்பட்டது போல.

பிறகு கருவி சின்னதாக ஒலி எழுப்பும்.

"அஞ்சு புள்ளி ரெண்டு," என்பாள். "இன்னிக்கு நல்ல புள்ளையா இருக்கு."

எங்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. ஐந்தை ஒட்டி வந்தால் அன்று தெளிந்த வானம். பத்துக்கு மேல் என்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடிப்பாள். நான்குக்குக் கீழே இறங்கினால், பாக்கெட் பழச்சாற்றில் உறிஞ்சுகுழாயைக் குத்தி அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் தன் கண்களுக்குத் திரும்பி வரும்வரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பக்கம் இந்த நோய்க்குப் பெயர் இனிப்பு நீர். கேட்பதற்குக் கோயிலில் கையில் ஊற்றும் தீர்த்தம் போல இருக்கும். பெரும்பாலும் வயது போனவர்களுக்கு வருவது. இவளுக்கு வந்தது வேறு வகை; பதினொரு வயதில் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு ஊசி. தட்டில் விழும் சோற்றைக் கண்ணாலேயே அளந்து, அதற்கு எவ்வளவு மருந்து என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு, வயிற்றில் குத்திக்கொள்வாள். ஊசி பார்ப்பதற்குப் பேனா போல இருக்கும். நாங்கள் முதன்முதலில் சேர்ந்து சாப்பிட்ட கடையில் அவள் அதைப் பையிலிருந்து எடுத்தபோது, எனக்குத் தன் போன் எண்ணை எழுதித் தரப் போகிறாள் என்று நினைத்து டிஷ்யூ தாளை நீட்டினேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவள் பாலர் பள்ளியில் ஆசிரியை. பத்து மணிச் சாப்பாட்டுக்கு முன் அவள் விரலைக் குத்தும்போது ஐந்து வயதுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்களாம். "டீச்சர், எத்தன?" என்று கேட்பார்களாம். பதினொன்று வந்த நாளில் எல்லோரும் கைதட்டினார்களாம், பெரிய எண் பெரிய வெற்றி என்று நினைத்து. அவளும் எழுந்து நின்று தலைவணங்கினாளாம்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது என் அம்மாவுக்குத் தெரியாது.

அதற்கு வருகிறேன். முதலில் மிஸ்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களவர்கள் தாதியரை எத்தனை வயதானாலும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸியின் மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

"என்ன, ரெண்டு பேரும் எதையோ திருடிட்டு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"புள்ள பெத்துக்கலாமான்னு கேக்க வந்தோம் மிஸ்ஸி," என்றாள் என் மனைவி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்டுட்டுப் பெத்துக்கறவங்கள இப்பத்தான் பாக்கறேன். வயித்துல தூக்கிட்டு வந்து நின்னுகிட்டு, 'மிஸ்ஸி, எனக்குச் சுகர் இருக்கு'ம்பாங்க. ஒக்காருங்க லா."

மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு என்று ஒரே ஊசியில் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் அவளுக்கு ஏழரை. மிஸ்ஸி அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். "ஏழரைய வச்சுகிட்டு நல்ல காரியம் பண்ணக் கூடாதுன்னு உங்க வீட்லயே சொல்லுவாங்களே. ஆறரைக்குக் கீழ கொண்டு வாங்க. அதுவரைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைய நிறுத்தக் கூடாது. ஃபோலிக் மாத்திரை இன்னிக்கே ஆரம்பிங்க. கண்ணு பாக்கணும், கிட்னி பாக்கணும், நான் லெட்டர் தரேன்."

"கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா?" என்று கேட்டேன்.

"தம்பி, புள்ளையோட நெஞ்சு, முதுகெலும்பு எல்லாம் மொதல் ஏழெட்டு வாரத்துலயே உருவாயிடும். இந்தப் பொண்ணு நாள் தள்ளிப் போச்சேன்னு யோசிக்கிறதுக்குள்ள அது பாதி வேலைய முடிச்சிரும். விருந்தாளி வந்தப்புறம் வீட்டக் கூட்டுவீங்களா? முன்னாடியே கூட்டி வைங்க."

அன்று மாலை பாலத்தின் மேல் நடந்து வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து எங்களோடு இன்னொருவர் இருந்தார். ஆணா பெண்ணா தெரியாததால் 'அந்த ஆள்' என்று பேர் வைத்தோம். அந்த ஆள் எங்கோ ஒரு ரயில் நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் வீட்டைக் கூட்டி முடித்ததும் ஏறுவார் என்று எனக்குள் ஒரு காட்சி. "அந்த ஆளுக்கு உன் மூக்கு வேணாம்," என்பாள் அவள். "அந்த ஆள் கத்தரிக்கா சாப்பிடுவாரா?" என்பேன் நான்.

என் வேலை போர்ட் கிள்ளானில். காலையில் எல்லோரும் கோலாலம்பூருக்குள் வந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் கடலை நோக்கிப் போவேன். பெட்டியில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும். குளிர்காற்று சன்னல் கண்ணாடியை மங்கலாக்கியிருக்கும். பாடாங் ஜாவா தாண்டியதும் கொஞ்சம் புதர், கொஞ்சம் செம்மண் தண்ணீர், அதில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. அரைத்தூக்கத்தில் எதிர் இருக்கையைப் பார்ப்பேன். சில காலைகளில் அங்கே அந்த ஆளின் செருப்புக் கால் தரை எட்டாமல் ஆடுவது போலவே இருக்கும். அடுத்த நிலையத்தின் பெயரை ஒலிபெருக்கி சொன்னதும் கால்கள் மறைந்துவிடும்.

துறைமுகத்தில் கொள்கலன்களுக்குச் சுங்கத் தாள்கள் தயாரிப்பது என் வேலை. மூடிய பெட்டியை நான் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாள் சொல்லும். அதை நம்பி இன்னொரு தாளை எழுதுவேன். ஆனாலும் சில வருஷம் இதிலேயே இருந்தால் பொய்த் தாளுக்கு ஒரு வாடை உண்டு என்று தெரிந்துவிடும். எண்கள் ரொம்பச் சுத்தமாக இருக்கும்.

இந்த வேலைக்கு நான் ஒன்பது வயதிலேயே தயாராகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். அம்மா டெங்கில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்தார். அம்மாவுக்கு எண்கள் தெரியும்; பஸ் எண், போன் எண், கிளினிக்கில் கூப்பிடும் எண். எழுத்து தெரியாது. வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அதை விரல் படாமல் அலமாரி மேல் வைத்து, நான் பள்ளியிலிருந்து வந்ததும், "என்ன போட்ருக்குன்னு பாருய்யா," என்பார். மின்சாரக் கட்டணம், லோரிக்கு வந்த சம்மன், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் என் குரலில்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தன.

ஆஸ்பத்திரிக் கடிதங்கள் அப்பாவுக்கு வந்தவை. அவருக்கும் இனிப்பு நீர். பல வருஷம் மாத்திரையை ஏமாற்றி, கடைசியில் கால்விரல் கறுத்த பிறகு ஊசிக்கு மாற்றினார்கள். ஊசி தொடங்கி ஏழு மாதத்தில் போய்விட்டார். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முடிவு நிலைத்துவிட்டது. மாத்திரை என்றால் நோய். ஊசி என்றால் வாசல். யாராவது ஊசிக்குப் போனதாகக் கேள்விப்பட்டால் அம்மா, "அப்ப முடிஞ்சது," என்று சொல்லிவிட்டு அந்த ஆளின் பேச்சையே விட்டுவிடுவார்.

அந்த அம்மாவிடம், நான் கட்டிக்கொள்ளப் போகும் பெண் தினம் நான்கு ஊசி போடுகிறாள் என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம் என்றேன். அப்புறம் தீபாவளிக்கு அப்புறம் என்றேன். "இவளுக்கு இனிப்புப் பிடிக்காதும்மா," என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு அதில் பெருமை. "நல்ல பொண்ணுடா. ஒரு ஐஸ்கிரீம் கூட கேக்கல."

ஞாயிறுதோறும் கிள்ளானுக்குப் போவோம். அம்மா வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். நான் குழந்தையாக இருந்தபோது சாரோங் துணியை ஸ்பிரிங்கில் மாட்டித் தொட்டில் கட்டிய கொக்கி. ஸ்பிரிங்கை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அதை மாதம் ஒரு தடவை வெளியே எடுத்து, தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி உள்ளே வைப்பார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு கடிதம் நழுவி விழுந்தது. மிஸ்ஸி கண் பரிசோதனைக்குக் கொடுத்த கடிதம். அம்மா குனிந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்ன போட்ருக்குன்னு பாருய்யா."

இத்தனை வருஷத்தில் நூறு தடவை கேட்ட வார்த்தை. கடிதத்தில் நோயின் பெயர், எத்தனை வருஷமாக, இன்சுலின், கர்ப்பத்துக்குத் தயாராகிறார் என்பது வரை எல்லாம் இருந்தது. நான் தாளைப் பார்த்தபடியே படித்தேன்.

"கண்ணாடி போடச் சொல்லி எழுதியிருக்கும்மா."

"கண்ணாடியா? ஐயோ பாவம், இந்த வயசுலயா. வாங்கிட்டீங்களா?"

"இனிமேதான்."

அடுத்த ஞாயிறு, "கண்ணாடி எங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும். "கண்ணு விஷயத்துல வெளையாடாத ஆயி," என்று கவலைப்பட்டார். கடைசியில் என் மனைவி பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு வெறும் கண்ணாடி வாங்கினாள், பார்வைக்கு ஒன்றும் செய்யாதது. கிள்ளான் நிலையத்தில் இறங்கியதும் மூக்கில் மாட்டுவாள். மாலையில் ரயில் ஏறியதும் கழற்றிப் பையில் போடுவாள். அது எங்கள் இருவருக்கும் ஒரு வேடிக்கையாகவே இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. ஏழு புள்ளி நான்கு.

"எங்கயோ ஒழுகுதே," என்றார் மிஸ்ஸி, அவள் தினமும் கருவி காட்டும் எண்களை எழுதி வைத்திருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு. "இந்த நம்பரையெல்லாம் பாத்தா ஆறே முக்காலாவது வந்திருக்கணும். சாப்பாட்டப் பாருங்க. தூக்கத்தப் பாருங்க. விட்றாதீங்க."

விடவில்லை. மேலும் மூன்று மாதம். வெள்ளைச் சோற்றைக் குறைத்தாள். மாலையில் இருவரும் பூங்காவில் நடந்தோம். டீக்கடையில் 'தே ஓ கோசோங்' என்று சர்க்கரையும் பாலும் இல்லாத தேநீர் வாங்கி நானும் அவளோடு குடிக்கப் பழகினேன். மறுபடி பரிசோதனை. ஏழு புள்ளி மூன்று.

அன்று அவள் கிளினிக் கழிப்பறைக்குப் போய்விட்டு வர நேரமானது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அந்த ஆள் ரயில விட்டுட்டு வேற வீட்டுக்குப் போயிருவாரு போல," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளுடைய எண்களை அலுவலகத்தில் செய்வது போலக் கட்டம் போட்டு என் கணினியில் ஏற்றினேன். திங்கள் முதல் சனி வரை எண்கள் மனிதர்களைப் போல இருந்தன: 4.7, 9.8, 6.1, 11.3, 5.5. திங்கட்கிழமைக் காலைகள் மட்டும் எப்போதும் உயரத்தில், பதின்மூன்று, பதினான்கு. அதற்கு முந்தைய நாளான ஞாயிறு மட்டும் 6.2, 6.4, 6.2, 6.3. மாதக்கணக்கில் ஞாயிறுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல.

பொய்த் தாளின் வாடை எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு ரயிலில் கேட்டேன். வெளியே மழை. பத்து தீகா நிலையம் தாண்டியிருந்தது. அவள் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழமை நம்பர் எல்லாம் எங்கருந்து வருது?"

அவள் சன்னலைப் பார்த்தாள். "என் மண்டையிலேருந்து."

"ஏன்?"

"உங்க அம்மா வீட்ல எங்க குத்தறது? பாத்ரூமுக்குள்ள போயி குத்தினா அந்த மெஷின் பீப்ங்குது. அத்தை வெளிய நின்னுகிட்டு, 'என்னம்மா, போனா?'ங்கறாங்க."

"ஊசி போடறல்ல?"

"பாதிதான் போடறேன்."

தனியாக இருக்கும்போது என்னை 'நீ' என்றும், அம்மாவுக்கு முன்னால் 'நீங்க' என்றும் கூப்பிடுவது அவள் வழக்கம். அன்று கிள்ளான் வருவதற்கு இன்னும் நான்கு நிலையம் இருந்தும் 'நீங்க'தான் வந்தது.

"உங்களுக்கு ஞாபகம் இல்ல. கல்யாணமான புதுசுல ஒரு நாள் சாப்பாடு பன்னெண்டரைக்கின்னு நீங்க சொன்னீங்கன்னு பன்னெண்டே காலுக்கு முழுசாப் போட்டுட்டேன். அத்தைக்கு நண்டு வர லேட்டாச்சு. ஒண்ணரை மணி. எனக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சுவரெல்லாம் ஆடுது. பூஜை ரூம்ல இருந்த கற்கண்ட அள்ளித் தின்னேன். சாமிக்கு வச்சத. அன்னையிலேருந்து அந்த வீட்ல பாதிதான். ஏறினா வெளிய தெரியாது. எறங்கினாத்தான் தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க அத்தைகிட்ட சொல்லணும். உங்களால முடியலன்னு எனக்குத் தெரியும். அதான் எழுதி வச்சேன்." கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிவிட்டு, "நீங்க ஒரு லெட்டர மாத்திப் படிச்சீங்க. நான் ஒரு புத்தகத்தையே மாத்தி எழுதிட்டேன். சரியாப் போச்சு," என்றாள்.

எதிர் இருக்கை காலியாக இருந்தது. அதில் ஆடும் கால்கள் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு மாதமாக அந்த ஆளை ஏதோ ஒரு நிலையத்தில் உட்காரவைத்திருந்தது யார் என்று எனக்குத் தெரிந்துபோனது. கிள்ளானில் இறங்கியதும் அவள் கண்ணாடியை எடுத்தாள். நான் அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய கடிதம் அவளுடைய பையின் அடியில் நான்காக மடிந்து கிடந்தது. எடுத்துப் பிரித்தேன்.

"அம்மா, அன்னிக்கு ஒரு லெட்டர் படிச்சேன்ல. அதத் தப்பாப் படிச்சிட்டேன். திரும்பப் படிக்கறேன்."

வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இனிப்பு நீர், முதல் வகை. பதினொரு வயதிலிருந்து. இன்சுலின் ஊசி, நாளுக்கு நான்கு. கர்ப்பத்துக்குத் தயாராகிறார், அதற்கு முன் கண்களைப் பரிசோதிக்க வேண்டுகிறோம். கண்ணாடி என்ற சொல் எங்கும் இல்லை என்பதையும் சொன்னேன்.

அம்மா அடுப்பை அணைத்தார். "இன்னொரு வாட்டி படி."

படித்தேன்.

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கரண்டியை வைக்காமலே பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். நடுச்சுவர் மெல்லியது. அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் படிப்பது எங்களுக்குக் கேட்டது. அம்மா திரும்பி வந்தார்.

"அவளும் அதையேதான் படிக்கிறா."

பிறகு என்னைப் பார்த்தார். "உங்கப்பாவுக்கு வந்த லெட்டரெல்லாம் நீதான் படிச்ச. அதையும் இப்படித்தான் மாத்திப் படிச்சியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என் குரலைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்று அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. அம்மா என்னிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மருமகளிடம் திரும்பினார்.

"அப்ப அந்தக் கண்ணாடி?"

"சும்மா கண்ணாடி அத்தை. பாசார் மாலாம்ல வாங்கினது."

"குடு."

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியே. அப்படியேதான இருக்கு எல்லாம்." உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "இத மாட்டிகிட்டு வந்து எனக்கு ஊசியில நூல் வேற கோத்துக் குடுத்தியேடி! 'கண்ணாடி போட்டதுலேருந்து நல்லாத் தெரியுது அத்தை'ன்னு சொன்னியேடி!"

"நடிக்கணும்ல அத்தை."

"நடிகை." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஊசியக் காட்டு," என்றார்.

என் மனைவி பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். நுனியில் இருக்கிறதா இல்லையா என்பது போல ஓர் ஊசி. விரலைக் குத்திப் பார்த்தாள். எட்டு புள்ளி ஒன்று. பிறகு கூடத்தில், அந்தக் கொக்கிக்கு நேர் கீழே நின்று, வயிற்றில் போட்டுக்கொண்டாள். பத்து வரை எண்ணி எடுத்தாள். அம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் போட்ட ஊசிகளை அவர் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் எப்போதும் வெளியே போய்விடுவார்.

"வலிக்கலியா?"

"பழகிருச்சு அத்தை. பதினேழு வருஷம்."

"பதினேழு வருஷமா." அம்மா விரல்களை மடக்கினார். அப்பாவின் ஏழு மாதத்தை அந்தப் பதினேழு வருஷத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். "இப்ப எத்தன நிமிஷத்துல சோறு வேணும்?"

"பதினஞ்சு."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? எனக்கு இத்தன மணிக்குச் சோறு வேணும்னு இந்த வீட்ல எவனாவது சொல்லியிருக்கானா?" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்று சாப்பாடு பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தது. எனக்கும் பரிமாறினார், என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் எல்லாம் ஒரே மழைக்காலம் போல ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. ரயில், மங்கிய சன்னல், கொக்கு, கிள்ளான் ஆற்றின் பழுப்பு நிறம். அம்மா வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் சம்பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சோப்பு டப்பா வந்திருந்தது, மருமகளின் மருந்துக்காக. சுவர்க் கடிகாரத்தைச் சமையலறைக்கு மாற்றியிருந்தார். "குத்திட்டியாடி?" என்று அவர் அங்கிருந்து கத்துவது அடுத்த தெரு வரை கேட்டிருக்கும். என்னிடம் மட்டும் நேராகப் பேசவில்லை. "உம் புருஷன்கிட்ட சொல்லு, சிலிண்டர்ல கேஸ் முடிஞ்சிருச்சு," என்பார், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. கடிதங்கள் அலமாரி மேல் எனக்காகக் காத்திருப்பதும் நின்றுபோனது. எல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போயின. அலமாரியின் அந்த வெற்றிடத்தை நான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எண்கள் மனிதர்களைப் போல ஆயின. 7.9. 5.1. ஒரு நாள் 3.6, அன்று அம்மாவே பழச்சாறு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொடுத்தார். திங்கட்கிழமைக் காலைகள் மெல்ல மெல்ல இறங்கி வந்தன, மாடிப்படியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கும் குழந்தை மாதிரி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

மூன்று மாதம் கழித்து மிஸ்ஸி முடிவுத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இந்தத் தடவை வட்டம் போடவில்லை.

"வீட்டக் கூட்டிட்டீங்க போல," என்றார். கண்ணும் கிட்னியும் நன்றாக இருப்பதாகப் பார்த்துச் சொன்னார். "டாக்டரும் பாத்துட்டாங்க. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைய நிறுத்திக்கலாம். ஃபோலிக்க நிறுத்தாதீங்க. நாள் தள்ளினா ஒரு நாள் கூடத் தாமதிக்காம வாங்க. வருமா, எப்ப வரும்னு எங்கிட்ட கேக்காதீங்க. அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

வெளியே வெயில். என் மனைவி கிளினிக் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு," என்றாள். "இவ்ளோ நாள் நம்பரப் பாத்துப் பயந்தேன். இப்ப பயப்படறதுக்கு நம்பர் கூட இல்ல."

அந்த ஞாயிறு தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனோம். அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் தாளைப் பிரித்துப் படிக்க வாய் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எந்த இடம்னு மட்டும் காட்டு."

விரலை வைத்தேன். அம்மா கீரைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். எழுத்துகளின் காட்டுக்குள் அவருக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

"ஆறு," என்றார். "புள்ளி. மூணு." என்னிடம் கேட்டார், நேராக: "ஆறரைக்குக் கீழதான?"

"கீழதாம்மா."

தலையை ஆட்டினார். பிஸ்கட் டின்னை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அலமாரிக்குப் போய், மேலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தார். பிரிக்கப்படாத உறை. எப்போது வந்தது, எத்தனை நாள் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோகாமல் வைத்திருந்தார் என்று தெரியாது.

"என்ன போட்ருக்குன்னு பாருய்யா," என்றார். "இருக்கறத இருக்கற மாதிரி படி."

தண்ணீர் விநியோகத் துறையின் அறிவிப்பு. குழாய் பழுதுபார்ப்புக்காக எங்கள் பகுதியில் தண்ணீர் நிறுத்தப்படும். எந்த நாள், எந்த நேரம், எந்தெந்தத் தெருக்கள் என்று படித்தேன். தேவையான அளவு தண்ணீரைச் சேமித்துக்கொள்ளவும் என்றதைப் படித்தேன். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றதையும், இது கணினியில் அச்சடிக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தேன். அம்மா கீரையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு சொல்லையும் தவறவிடாமல்.

எனக்குப் பின்னால், கொக்கிக்குக் கீழே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி விரலைக் குத்திக்கொண்டாள். ஐந்து விநாடி. கருவி ஒலித்தது.

"அஞ்சு புள்ளி ஒம்போது," என்றாள், சமையலறைக்கும் கேட்கும்படி.

"அஞ்சு புள்ளி ஒம்போது," என்று அம்மா திருப்பிச் சொல்லிவிட்டு, உலை வைக்க எழுந்தார்.